தேசிக்காய் பட்ட நீலம்

என் தையல் பெட்டிக்குள் ஒரு பழைய பவுடர் டப்பா கிடக்கிறது. முகத்துக்குப் பூசுகிற பவுடர் வந்த தகர டப்பா. மூடியில் சின்னச் சின்னத் துளைகள், உடம்பில் இருந்த ரோசாப்பூப் படம் பாதி உரிந்துவிட்டது. போன மாதம் வரைக்கும் அதற்குள் சட்டைப் பொத்தான்கள் போட்டு வைத்திருந்தேன். இடப்பெயர்வுகளில் தேக்கு அலுமாரியை விட்டேன், கல்யாணப் படத்தை விட்டேன், அம்மா தந்த குத்துவிளக்கையும் விட்டேன். இந்த டப்பா மட்டும் போன இடமெல்லாம் என்னோடு வந்தது. "உந்தத் தகரத்தை எறியுங்கோவன் அம்மா" என்று மகள் எத்தனையோ தரம் சொல்லிவிட்டாள். எப்படி எறிவது? அது என்னுடையதல்ல, என் மச்சாளுடையது, அண்ணாவின் மனைவியுடையது. ஒரு காலத்தில் அதைக் கண்டாலே எனக்கு வயிறு பற்றி எரியும். தகரத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மனுசரும் இருப்பார்களா என்று கேட்பீர்கள். இருப்பார்கள், நான் இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து வந்து, கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீரை நம்பி வயல்காணி எடுத்துக் குடியேறிய குடும்பம். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எங்கள் குடியேற்றத்தில் கேக் அடித்து ஐசிங் போடத் தெரிந்த ஒரே பெட்டை நான்தான். கிளிநொச்சி ரவுணில் ஒரு வருடம் மனையியல் வகுப்புக்குச் சைக்கிளில் போய்ப் படித்தது. பிறந்தநாளோ கல்யாணமோ, "கேக்குக்கு அவளிட்டைச் சொல்லுங்கோ" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க நான் பகல் முழுக்கக் கை நோக முட்டை அடிப்பேன். கடையிலிருந்து நிறப் போத்தல் வாங்கி ஐசிங்கில் ரோசாப்பூ வைத்தால், ஊர்ப் பெண்கள் என் குசினி வாசலில் வந்து நின்று பார்ப்பார்கள். எங்கள் ஆசிரியை ஒரு பழக்கம் சொல்லித் தந்திருந்தார்: வெள்ளைக்கருவை அடிக்கும்போது இரண்டு துளி தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு, விடவேண்டும். முட்டை மணம் போகும், ஐசிங்கும் வெளுத்து இறுகும். பழகிப் பழகி, கண்ணை மூடிக்கொண்டும் என் கை தேசிக்காயைத் தேடும். இந்த இரண்டு துளியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள்.

எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்த குடும்பங்கள் பல எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொட்டில் போட்டு இருந்தன. அந்தக் குடும்பங்களில் ஒன்றிலிருந்துதான் அண்ணா பெண் எடுத்தார். விரும்பி எடுத்தார். அம்மா மூன்று நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் தானே உலை வைத்து, "சரி, கூட்டிக்கொண்டு வா" என்றார். மச்சாளின் தகப்பன் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். கலவரத்தில் எல்லாம் போய், மகள் கையில் ஒரு கம்பி முட்டை அடிப்பானும், ஒரு பித்தளை அரிதட்டும், இந்தப் பவுடர் டப்பாவும்தான் மிஞ்சி வந்தன. இப்போது எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது என் மனதுக்குள் அவர் 'அவள்'தான். அதுவும் நல்ல குரலில் சொன்ன 'அவள்' அல்ல.

வந்து இரண்டாம் மாதம், அம்மா விரதம் முடித்த ஒரு நாள், "அத்தை, நான் ஒண்ணு செஞ்சு தரவா?" என்று கேட்டார். நாங்கள் மாமி என்போம், அவர் அத்தை என்பார். கஜுவை, அதுதான் முந்திரிப்பருப்பை, வெயிலில் காயவைத்து, உரலில் எண்ணெய் கக்க இடிக்காமல் மெல்லத் தட்டி, அரித்து அரித்து மாவாக்கினார். முதல் நாளே துணி மூடி வைத்த வெள்ளைக்கருவைச் சீனித்தூளோடு அடித்து, மாவைக் கலந்து, எண்ணெய்த்தாளில் வட்டம் வட்டமாக ஊற்றித் தோல் பிடிக்கும்வரை வைத்தார். பிறகு மண்ணெண்ணெய்த் தகரத்தின் அடியில் மணல் பரப்பி, கீழும் மேலும் சிரட்டைத் தணல் போட்டுச் சுட்டெடுத்தார். ஒவ்வொரு வட்டமும் மேலே மொழுமொழுவென்றும், அடியில் பாவாடை விளிம்பு மாதிரிச் சுருக்கத்தோடும் வந்தது. இரண்டிரண்டாக எடுத்து நடுவில் பாலைப்பழத்தைக் காய்ச்சிய பாணி தடவி மூடினார். பங்களாவில் அதற்கு மக்ரூன் என்று பெயராம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'கலர்ச் சிப்பி' என்றார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

கலர் என்றேனே, என்னைக் கொன்றது அதுதான். அவர் போத்தல் நிறம் தொடவே இல்லை. தண்ணீர் பட்டால் மா இளகிவிடும் என்று, பீற்றூட்டைச் சீவி ஓட்டில் காயவைத்துப் பொடியாக்கினார். பொன்னாங்காணி இலையில் பச்சை, மஞ்சளில் மஞ்சள். பவுடர் டப்பாவுக்குள் பொடியைப் போட்டு, பிள்ளைக்கு முகத்துக்குப் பூசுவது மாதிரி, அடித்த நுரையின் மேல் தூவுவார். ஒரு தூவலுக்கு ரோசா, இரண்டு தூவலுக்குச் சிவப்பு. ஒரு மாதம் போகவில்லை, என் குசினி வாசலில் நின்ற கூட்டம் நாலு அடி தள்ளி அவர் அடுப்படிக்குப் போய்விட்டது. "கேக் எண்டால் திகட்டும், இது வாயிலை வைக்கக் கரையுது" என்று முன்வீட்டு மாமி என் முகத்துக்கு நேரே சொன்னார். நான் சிரித்தேன். போய்க் கிணற்றடியில் நின்று அழுதேன். அண்ணாவை எடுத்தாள், அம்மாவை எடுத்தாள், இப்போது ஊர் வாயில் இருந்த என் பெயரையும் எடுத்துக்கொண்டாளே என்றுதான் அழுதேன். எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பேனா? நானாவது, அவளிடமாவது!

அக்காவின் மகள் எங்கள் வளவிலேயே வளர்ந்தவள். என் மடியில் கிடந்து ஐசிங் கோப்பையை வழித்து நக்கியவள். அவள் பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்கில் மாமிக்குத்தான் முதல் இடம். தாய்மாமனின் பெண்சாதி தண்ணீர் வார்த்து, முதல் தட்டை ஏந்திக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் நடந்து பந்தலுக்குக் கூட்டி வரவேண்டும். மற்றத் தட்டுகள் அதற்குப் பின்னால்தான். தாய்மாமன் என் அண்ணா. ஆக, மாமி யார்? நேற்று வந்த மச்சாள். வளர்த்த சின்னம்மா நான், எத்தனையாவது தட்டோடோ பின்னால் வரவேண்டும். இது போதாதென்று, அறைக்குள் இருந்த பெட்டை ஆசைப்பட்டுக் கேட்டது என் கேக்கை அல்ல. "மாமி, என்ரை சீலை மயில்நீலம். முதல் தட்டிலை மயில்நீலத்திலை சிப்பி வைப்பீங்களே?" என்றாள். நான் கதவடியில் சாப்பாட்டுக் கோப்பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீலத்துக்கு மச்சாள் காக்கணம் பூவை, அதுதான் சங்குப்பூவை, பிடித்தார். விடியற்காலையில் வேலி வேலியாய்ப் போய்ப் பூப் பறிப்பார். சுளகில் பரப்பி நிழலில் காயவைப்பார். ஒரு சுளகு பூக் காய்ந்தால் உள்ளங்கை நிறையவும் வராது. இரண்டு கிழமைக்கு மேல் அப்படிச் சேர்த்து, பொடித்து, டப்பாவை நிரப்பி, துளைகளின் மேல் பிளாஸ்ரர் ஒட்டிக் குசினித் தட்டில் வைத்தார். நான் அந்தக் குசினிக்குள் போகும்போதும் வரும்போதும் டப்பா என்னைப் பார்க்கும். சடங்குக்கு முதல்நாள் மத்தியானம் அண்ணாவும் மச்சாளும் பிள்ளைக்கு வளையல் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனார்கள். அம்மா பந்தலடியில் நின்றார். வெள்ளைக்கருவும் கஜு மாவும் மூடிபோட்டுத் தயாராக இருந்தன. எனக்கு ஒரு விசர் யோசனை வந்தது. இவர்கள் வருவதற்குள் நானே சுட்டு முடித்துவிட்டால்? தட்டைத் தூக்குவது அவளாக இருக்கட்டும், செய்தது நான் என்று ஊர் சொல்லட்டும். அவள் செய்ததை எத்தனை தரம் ஒளித்து நின்று பார்த்திருக்கிறேன், இதிலென்ன பெரிய வித்தை!

அடித்தேன். நுரை மலைபோல எழும்பியது. டப்பாவின் பிளாஸ்ரரை உரித்துத் தூவினேன். மா மெல்ல மெல்ல மயில் கழுத்து நிறத்துக்குத் திரும்பியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிசம் நான் மிதந்தேன். அந்த மிதப்பில்தான் என் கை, வழமைபோல, தானாகப் போய்ப் பாதித் தேசிக்காயை எடுத்தது. முட்டை மணம் போகவேண்டாமா? இரண்டு துளி. கண்ணுக்கு முன்னாலேயே நீலம் கறுத்து, கலங்கி, ஊதாவாகிப் போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொடி போதாதாக்கும் என்று இன்னும் தூவினேன். ஊதா கடுத்தது. இன்னும் தூவினேன். கடைசியில் மூடியைத் திறந்து முழுவதையும் கொட்டினேன். கத்தரிக்காய் நிறத்தில் ஒரு சட்டி மா, வெறுந்தகரமாக டப்பா. வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

மச்சாள் உள்ளே வந்து சட்டியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் விரலால் ஒரு துளி தொட்டு நாக்கில் வைத்தார். "எலுமிச்சை விட்டீங்களா மச்சாள்?" என்றார். என் கண் பாதித் தேசிக்காய்க்குப் போனது. "அதாங்க. புளிப்புப் பட்டா இந்தப் பூ ஊதாவாயிரும். மாவு நல்லா வந்திருக்கு. விட்டு வெச்சா நுரை அடங்கிடும், நீங்க புழிஞ்சு விடுங்க, நான் தணல் பார்க்கிறேன்" என்றார். ஐசிங் பழகிய கை அல்லவா, தாளைக் கூம்பாகச் சுருட்டி நான் விட்ட வட்டங்கள் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் விழுந்தன. "என்னால இப்படி முடியாது. நான் விட்டா ஒண்ணு இட்லி, ஒண்ணு பொட்டு" என்று சிரித்தார். அன்று பொழுதுபடும்வரை இருவரும் ஒரே அடுப்படியில் நின்றோம். அவர் நல்லவராக இருக்க இருக்க எனக்கு ஆத்திரம் கூடியது. ஏசாமல் விட்டு என்னை இன்னும் சின்னவளாக்குகிறாளே என்றுதான் நினைத்தேன். பொறாமை பிடித்தவளுக்கு இரக்கமும் மிளகாய்த்தூள்தான்.

மறுநாள் காலை அக்காவின் புருசன், எங்கள் அத்தானின் தமக்கை ஆனையிறவு தாண்டி முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். மாப்பிள்ளை பகுதி என்ற எடுப்பு வேறு. கிணற்றடியில் மச்சாள் தண்ணீர் வார்க்கும்போதே, "எங்கடை பிள்ளைக்கு வார்க்க வேறை ஆள் கிடைக்கேல்லையோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தட்டுகளை அடுக்கிப் பெண்கள் வரிசைக்கு நின்றபோது, மச்சாள் ஊதாச் சிப்பித் தட்டைத் தூக்கி வந்து என் கையில் வைத்தார். "நீங்க செஞ்சது மச்சாள், நீங்க முன்னாடி போங்க" என்றார். வேண்டாம், இது உங்கடை இடம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கைகள் நீண்டு தட்டை வாங்கிக்கொண்டன. மேளம் அடித்தது, முன்னால் நடந்தேன். மச்சாள் வெறும் செம்போடு கடைசியில் வந்தார். பிள்ளை திரும்பித் திரும்பி அவரைத்தான் தேடினாள். பந்தலில் அத்தானின் தமக்கை ஒரு சிப்பியை எடுத்துக் கடித்து, "ஆர் செய்தது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "அதுதானே. கைப்பக்குவமும் வேணும், குலமும் வேணும். தோட்டக்காட்டு ஆளை முன்னுக்கு விடாமல் நல்ல வேலை செய்தாய் பிள்ளை" என்று என் கன்னத்தைத் தடவினார். மச்சாள் மூன்றடி தள்ளி நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை, தெளித்துக்கொண்டே போனார். நான் ஆசைப்பட்ட இடமும் பேரும் ஒரே நாளில் கிடைத்தன. அந்தத் தடவலை நினைத்தால் இன்றைக்கும் கன்னம் கூசும்.

"மாமி, நீலம் எண்டெல்லோ சொன்னீங்கள்?" என்று பிள்ளை பிறகு கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "நீலச் சேலைக்கு ஊதாதான் கண்ணு எடுப்பா இருக்கும்" என்றார் மச்சாள். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் சிப்பி சுடவில்லை. அறுவடை முடிந்த கையோடு அண்ணா வவுனியாப் பக்கம், அவர்களின் ஆட்கள் குடியிருந்த இடத்தில் ஒரு துண்டுக் காணி பார்த்துக்கொண்டு போனார். உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றும்போது நான் தலையிடி என்று படுத்திருந்தேன். எழும்பிக் குசினிக்குப் போனால், தட்டில் அந்த டப்பா இருந்தது. நான் வெறுமையாக்கிய டப்பாவை எனக்குக் குத்திக்காட்ட விட்டுவிட்டுப் போயிருக்கிறாளாக்கும் என்று மூடியைக் கழற்றினேன். உள்ளே விளிம்புவரை நீலப் பொடி. ஒரு துண்டுத்தாளில் பென்சிலால், "எலுமிச்சை விடாதீங்க. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்று எழுதியிருந்தது. நான் உருகிப்போனேன் என்று நினைக்காதீர்கள். எனக்குப் படிப்பிக்கிறாளோ என்று, பொடி முழுவதையும் கொண்டுபோய்த் தேசி மரத்தடியில் கொட்டினேன். டப்பாவை மட்டும் எறிய முடியவில்லை. அன்று அதற்குள் போட்டவைதான் பொத்தான்கள்.

அதற்குப் பிறகு காலம் எங்களை எங்கெங்கோ எடுத்து எறிந்து, திரும்பக் கொண்டுவந்து இதே கிளிநொச்சியில் விட்டது. இப்போது சந்தியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மக்ரூன் விற்கிறார்கள், எல்லா நிறத்திலும். போன மாதம் என் பேத்திக்குச் சடங்கு. அவளும் மயில்நீலச் சீலைதான் கேட்டாள். கடையில் வாங்குவோம் என்றாள். வேண்டாம் என்று நானே வேலி வேலியாய்ப் பூப் பறித்தேன். என் மகளுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை, ஆனபடியால் தட்டு ஏந்த மாமி முறையில் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் கதை வந்தது. நான் தொலைபேசியை எடுத்தேன். நாற்பது வருடத்தில் செத்தவீட்டிலும் கல்யாணவீட்டிலும் கண்டு சுகம் விசாரித்ததைத் தவிர நாங்கள் இருந்து கதைத்ததில்லை. "மச்சாள், நீங்கள்தான் வந்து முன்னுக்கு நடக்கவேணும்" என்றேன். "வர்றேங்க" என்றார்.

முதல்நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். தலை முழுக்க வெள்ளை. நான் சுட்டு வைத்த சிப்பிகளைக் காட்டினேன். தேசிக்காய் வீட்டுக்குள்ளேயே வரவிடாமல் செய்தது. மயில் கழுத்து மாதிரி வந்திருந்தது. பார்த்துக் கண் விரிந்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்தார். அவ்வளவும் ஊதா. ஒரே அளவு, கண்ணைப் பறிக்கிற நிறம், விளிம்பில் ஒரு பிசகு இல்லை. "எங்க பக்கம் விசேஷம்னா எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்க மச்சாள். உங்க கிட்டக் கத்துக்கிட்டதுதான். ரெண்டு துளி, மூணாவது விட்டாச் செவந்திரும். என் நாத்தனார் கண்டுபிடிச்சதுன்னுதான் சொல்லிக் குடுப்பேன்" என்றார். பாருங்கள், நான் விட்ட பிழையைக்கூட என்னைவிடத் திறமாகச் செய்துகொண்டு வந்து நிற்கிறார்! இந்த வயதிலும் வயிறு எரிந்தது. எரிய எரிய, அவர் கண்ணால் கண்டும் நான் ஒருநாளும் வாயால் ஒத்துக்கொள்ளாததைச் சொன்னேன்: "மச்சாள், அண்டைக்கு நான் உங்கடை டப்பாவைக் களவாய்த்தான் எடுத்தனான்." "தெரியும். ரெண்டு நாளா உங்க விரல் ஊதாவால்ல இருந்திச்சு" என்றார். அந்த விரலோடுதான் நான் பந்தலில் நின்று "நான்தான்" என்று சொல்லியிருக்கிறேன். டப்பாவை எடுத்து நீட்டினேன். குலுக்கிப் பார்த்து, பொத்தான் சத்தம் கேட்டுச் சிரித்து, திருப்பி என் கையில் வைத்துவிட்டார்.

மறுநாள் அவர் முன்னால் நடந்தார். தட்டில் பாதி நீலம், பாதி ஊதா. பந்தலில் சனம் கை நீட்டியதெல்லாம் ஊதாவுக்குத்தான். என் நீலம் வடிவாகக் குந்திக்கொண்டிருந்தது. லண்டனிலிருந்து வந்த சம்பந்தி ஒருத்தி ஊதாவைக் கடித்துவிட்டு, "ஆர் செய்தது?" என்று என்னிடம் கேட்டாள். மச்சாள் மூன்றடி தள்ளித்தான் நின்றார். "என்ரை மச்சாள்" என்றேன், எல்லோருக்கும் கேட்க. சொல்லும்போதும் உள்ளே எரிந்ததுதான், மறைக்கமாட்டேன். மச்சாள் திரும்பிப் பார்த்தார். அவர் கை பன்னீர்ச் செம்போடு அப்படியே நின்றது.

இப்போது பொத்தான்கள் ஒரு ஜாம் போத்தலுக்குள் இருக்கின்றன. டப்பாவைக் கழுவிக் காயவைத்து, துளையெல்லாம் ஊசியால் குத்தித் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன். வேலியில் காக்கணம் நன்றாகப் பூத்திருக்கிறது. சுளகில் ஒரு தரம் காய்ந்துவிட்டது. இரண்டு துளிதான் என்கிறார் அவர். நான் ஒன்றரைத் துளி விட்டுப் பார்க்கப் போகிறேன். மச்சாளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.